வெறுங்காலில் பாடிய அம்மா

அன்று மதியம் அந்த ஹாலில் இருந்தவர்கள் இவர்கள். பாட வந்த அம்மா. கீபோர்டு வாசிக்கும் அவருடைய தம்பி. சவுண்டு பார்க்கும் மலையாளி. எலக்ட்ரீஷியன் ஹெல்பரான நான். பிறகு வந்தவர்கள் இரண்டு பேர். எங்கள் ஃபோர்மேன், கீழக்கரைப் பக்கத்து பாய். விருந்து மேனேஜர், லெபனான்காரர்.

அபுதாபியில் ஒரு ஹோட்டல். ஈராக்கில் சண்டை தொடங்கிய வருடம். பாதி அறைகள் காலி. பாடுகிறவர்களை ஒவ்வொருவராக அனுப்பிக்கொண்டிருந்தார்கள். இந்த அம்மா செர்பியாவிலிருந்து விசிட் விசாவில் வந்தவர். வெள்ளிக்கிழமை மதிய விருந்தில் பாடிக் காட்ட வேண்டும். மேனேஜருக்குப் பிடித்தால் மூன்று மாத கான்ட்ராக்ட். பிடிக்காவிட்டால் ஞாயிற்றுக்கிழமை விமானம்.

விருந்துக்குச் சற்று முன் மேடைக்குக் கரண்ட் கொடுத்தது நான். தம்பியின் ஆம்ப் அவர்கள் ஊரிலிருந்து வந்தது. பிளக்கில் உருண்டையாக இரண்டே முள். இங்கே சுவரில் மூன்று துளை. அடாப்டர் ஸ்டோரில் இருக்கும். சாவி பாயிடம். பாய் ஜும்மாத் தொழுகைக்குப் போயிருந்தார். நான் எல்லோரும் செய்வதைச் செய்தேன். பேனா மூடியை மேல் துளையில் குத்தினால் கீழ்த் துளை இரண்டும் திறந்துகொள்ளும். இரண்டு முள்ளையும் அழுத்திவிட்டேன். ஆம்பில் லைட் எரிந்தது. மைக் ஒயரும் அதில்தான்.

மேல் துளைதான் எர்த், கசிகிற கரண்டை மண்ணுக்கு இறக்கும் வழி. அதில் ஒன்றும் போகவில்லை. எனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தேன்.

மேனேஜர் ஒரு மணி நேரம் வரவில்லை. அந்த அம்மா மேடை ஓரத்தில் உட்கார்ந்தார். ஐம்பதை நெருங்கிய வயது, தங்கப் பல் ஒன்று. என்னைப் பார்த்து "பானி" என்றார். தண்ணீர் கொண்டுவந்தேன். சைட்டில் நாங்கள் பேசும் இந்திச் சொல் இவருக்கு எப்படித் தெரியும் என்று மலையாளியிடம் கேட்டேன். அவர் தம்பியிடம் இங்கிலீஷில் விசாரித்துச் சொன்னார். இவர்கள் ரோமா ஜனம். எத்தனையோ தலைமுறைக்கு முன் நம் பக்கத்திலிருந்து நடந்து போனவர்களாம். அந்தப் பேச்சில் தண்ணீர் பானிதான்.

அப்படியே மற்றதும் வந்தது. அம்மா சொல்ல, தம்பி இங்கிலீஷில் சொல்ல, மலையாளி எனக்குச் சொன்னார். அவருடைய அப்பா கல்யாணங்களில் டிரம்பெட் ஊதுகிறவர். எட்டு வயதில் அவரோடு பாடப் போனார். பாட்டு பிடித்தால் பாடுகிறவர் நெற்றியில் பணத் தாளை எச்சில் தொட்டு ஒட்டுவார்களாம். பதினெட்டில் ஒரு கேசட். அது ஓடியது. டிவிக்குக் கூப்பிட்டார்கள். இன்ன ஜனம் என்று சொல்லாதே, உன் அம்மா ஸ்பெயின்காரி என்று சொல் என்றது கம்பெனி. சொன்னார். அப்பா ஒரு வருடம் பேசவில்லை. டிவியில் வந்த பிறகும் பெரிய வீட்டுக் கல்யாணங்களில் சமையல்கட்டு வழியாகத்தான் உள்ளே விட்டார்கள். அதைச் சொல்லும்போது பின்பக்கக் கதவைக் கையால் காட்டினார். மலையாளி சொல்லுமுன் எனக்குப் புரிந்துவிட்டது.

பிறகு அங்கே சண்டைகள். கல்யாணம் குறைந்தது, கேசட் நின்றது. அதன் பின் ஹோட்டல் ஹோட்டலாக. சைப்ரஸ், பஹ்ரைன், மஸ்கட். ஊரில் மகளும் பேத்தியும் இவர் கையை எதிர்பார்த்து இருந்தார்கள்.

செருப்பைக் கழற்றிவிட்டு எழுந்தார். எட்டு வயதிலிருந்தே வெறுங்காலில்தான் பாடுவாராம். நிற்கிற இடம் பளிங்குத் தரை. அப்போதுதான் துடைத்திருந்தது. ஈரம் மின்னியது. மைக்கை எடுத்து அவர் பேச்சில் எண்ணினார். மூன்று என்று சொல்லும்போது உதடு மைக்கில் பட்டது. தலை வெடுக்கென்று பின்னால் போனது.

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

"கார்பெட் ஷாக்காணு அண்ணாச்சி. பேடிக்கண்டா" என்றார் மலையாளி. பயப்படாதே என்று.

அங்கே கார்பெட் இல்லை. நான் டெஸ்டரை மைக்கில் வைத்தேன். அதன் லைட் எரிந்தது. அதற்கு முன் ஓமானில், சோஹாரில் வேலை பார்த்தபோது, ஈரக் கையோடு துணி துவைக்கும் மிஷினைத் தொட்ட ஒருவரைத் தூக்கி வெளியே கிடத்தினோம். அவர் கால் பக்கம் பிடித்தவன் நான். அந்த மிஷினுக்கும் எர்த் இல்லை. இந்த ஹோட்டலும் பழையது. ஆளுக்கு ஷாக் அடித்தால் தானாக விழுகிற பிரேக்கர் இந்த லைனில் கிடையாது.

பாய் வந்தார். ஓடிப் போய்ச் சொன்னேன்.

"எவன்டா குத்துனது?"

"நான்தான் பாய்."

"நல்லா குத்துன போ. ஊருக்குப் போறதுக்கு ஒனக்கு அவ்வளவு அவசரமா?"

"சாவியக் குடுங்க பாய். ரெண்டு நிமிசம்."

சாவியை எடுக்கக் கை பைக்குள் போனது. அதற்குள் மேனேஜர் உள்ளே வந்துவிட்டார். பின்னாலேயே விருந்தாளிகள். மேனேஜர் கடிகாரத்தைத் தட்டினார். "யல்லா, யல்லா."

பாய் இங்கிலீஷில் இரண்டு நிமிடம் கேட்டார்.

"மாஃபி இரண்டு நிமிடம். இப்போது பாடட்டும். இல்லையென்றால் கலாஸ்."

கலாஸ் என்றால் முடிந்தது. அந்த அம்மாவுக்கு அந்தச் சொல் தெரிந்திருந்தது. முகம் வெளுத்தது. மைக்கை எடுக்கப் போனார். நான் மேடையேறி, அவர் பார்க்க, டெஸ்டரை மைக்கில் வைத்தேன். சிவப்பாக எரிந்தது. கரண்ட் என்று சொல்ல, இந்தியில் "பிஜிலி" என்றேன். அது அவருக்குத் தெரியவில்லை. வெளிச்சம் தெரிந்தது. என் முகத்தையும் பார்த்தார்.

மேனேஜர் கத்தினார். "அந்த ஆள் அங்கே என்ன செய்கிறான்?"

நான் பேனல் அறைக்கு ஓடினேன். பேனலுக்கு முன் விரித்திருக்கும் கறுப்பு ரப்பர் விரிப்பை இழுத்து வந்து அவர் காலடியில் போட்டேன். அழுக்கு விரிப்பு. மேனேஜர் அரபியில் ஏதோ சொன்னார். நல்ல வார்த்தை இல்லை. பாய் தலையைக் குனிந்துகொண்டார்.

அந்த அம்மா விரிப்பில் ஏறி நின்றார். கழுத்துத் துணியை அவிழ்த்து, மைக்கின் பிடியிலும் தலையிலும் இறுக்கிச் சுற்றினார். கை தடுமாறவில்லை. மழையில் நடந்த கல்யாணங்களில் இதைச் செய்தவர் என்று பார்த்தாலே தெரிந்தது. தம்பியிடம் தலையசைத்தார்.

நான் மேடைக்குப் பின்னால் போனேன். மேடைக்குக் கரண்ட் போகிற டிபி பெட்டியைத் திறந்து பிரேக்கரில் விரலை வைத்தேன். அங்கிருந்து அவர் முதுகும் கால்களும் தெரியும். தள்ளினால் பாட்டு நிற்கும், அவர் ஞாயிற்றுக்கிழமை விமானம் ஏறுவார். தள்ளாவிட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. கால் விரிப்பை விட்டு இறங்கினால் தள்ளுவது என்று வைத்துக்கொண்டேன்.

முதல் பாட்டு வேகமானது. குதிகால் தூக்கித் தூக்கி ஆடினார். விரிப்பின் விளிம்புவரை வந்தது கால். என் விரலில் வேர்வை. இரண்டு பாட்டு போதும் என்று சொல்லியிருந்த மேனேஜர், இரண்டு முடிந்ததும் கையைச் சுழற்றினார். இன்னும் பாடு. விருந்தாளிகள் கை தட்டினார்கள். ஒருவர் எழுந்து ஆடினார்.

"தள்ளிராதடா. மேனேஜரு சிரிக்கிறான்" என்றார் பாய், பின்னால் வந்து.

"கால் விளிம்புல இருக்கு பாய்."

பாய் எட்டிப் பார்த்தார். என் பக்கத்திலேயே நின்றார். உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

அந்த அம்மா ஒரு தடவைகூடத் தரையில் கால் வைக்கவில்லை. கடைசிப் பாட்டில் கண்ணை மூடிக்கொண்டு பாடினார். அதுதான் எனக்கு மிகவும் பயமாக இருந்தது. முடிந்து மைக்கைக் கீழே வைத்த நொடியில் பிரேக்கரைத் தள்ளினேன். விரல் மடங்கவில்லை. பாய்தான் பிடித்து மடக்கிவிட்டார்.

மேனேஜர் அந்த அம்மாவுக்குக் கை கொடுத்து, பேப்பரில் கையெழுத்துப் போட ஆபீசுக்கு அழைத்துப் போனார். பாய் ஸ்டோர் சாவியை என் கையில் வைத்தார். திட்டவில்லை.

பாட்டுகளை எண்ணியிருந்தேன். பதினொன்று.