குழாயில் கட்டிய ஒயர்

பதினோரு வருடம் பனியன் கம்பெனியில் துணிக்கு இஸ்திரி போடும் அயர்ன் மாஸ்டராக நின்றுகொண்டே வேலை பார்த்ததில் என் கால் நரம்புகள் சுருண்டுவிட்டன. இனிமேல் நிற்கக் கூடாது என்றார் டாக்டர். திருவிழாக்களில் மைக் பிடித்துப் பழகிய குரல் ஒன்றுதான் கைவசம் இருந்தது. துணிக்கடைத் தள்ளுபடி, பள்ளிக்கூட அட்மிஷன் என்று விளம்பர ஆட்டோக்களுக்குப் பேசிப் பதிவு செய்து கொடுக்கத் தொடங்கினேன். ஒரு பழைய கம்ப்யூட்டர், ஒரு மைக், ஒரு ஹெட்போன். வேலம்பாளையத்தில் நாங்கள் குடியிருந்த லைன் வீட்டின் ஒற்றை அறைதான் ஸ்டூடியோ.

பதிவில் ஓர் இரைச்சல் வந்தது. என் குரலுக்கு அடியில் யாரோ வாயை மூடிக்கொண்டு முனகுவது மாதிரி ‘ம்ம்ம்’. மௌஸை நகர்த்தினால் கூடவே ‘கிர்ர்’ என்று ஒரு கீறல். மைக் கேபிளை மாற்றினேன். முன்பக்க ஓட்டையில் செருகியிருந்ததைப் பின்பக்கம் மாற்றினேன். மைக் பூஸ்டைக் குறைத்தால் இரைச்சலோடு என் குரலும் இறங்கியது. கடைசியில் புதுசாக ஒரு சவுண்ட் கார்டே வாங்கிப் போட்டேன். கீறல் போனது, முனகல் போகவில்லை.

ஒருநாள் தற்செயலாக சிபியூவின் தகரத்தில் கை வைத்தேன். முனகல் சட்டென்று நின்றது. விரலில் லேசாகச் சுருக்கென்றது. கையை எடுத்தேன், மறுபடி வந்தது.

கம்ப்யூட்டர் கடைக்காரரிடம் சொன்னேன். “சவுண்ட் கார்டுல ஒண்ணுமில்லீங்க. உங்க ஊட்டுல எர்த் இல்லீங்க. மொதல்ல ஓனரைப் பார்த்துச் சொல்லுங்க” என்றார்.

வீட்டு ஓனரிடம் போனேன். “போட்டறலாமுங்க. எலக்ட்ரீசியன் சிக்க மாட்டேங்கறானுங்க” என்றார். இரண்டு மாதம் அதே பதில். இரைச்சலைக் காட்டி ஒரு ஆட்டோக்காரர் என் பதிவைத் திருப்பிக் கொடுத்த அன்று எனக்குப் பொறுமை போய்விட்டது. ஒரு ஒயரின் ஒரு முனையை சிபியூவின் திருகில் முடிந்தேன். ஜன்னல் வழியாக இன்னொரு முனையை வெளியே விட்டு, வாசலில் இருந்த பொதுக் குழாயின் இரும்புக் கம்பத்தில் சுற்றினேன். குழாய் மண்ணுக்குள்தானே போகிறது என்று நினைத்தேன். உண்மையில் வெளியே தெரிந்த இரண்டடிதான் இரும்பு. அங்கிருந்து தொட்டிவரைக்கும் பிளாஸ்டிக். அதை நான் பார்க்கவில்லை.

ஹெட்போனை மாட்டினேன். முனகல் முக்கால்வாசி அடங்கியிருந்தது. அது எனக்குப் போதும்.

பக்கத்து வீட்டில் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு குடும்பம். அந்தப் பெண் பனியன் கம்பெனியில் துணி ஓரம் அடிக்கும் ஓவர்லாக் டெய்லர். என் சத்தத்தை எங்கே கேட்டாலும் வந்து சொல்வாள். “அண்ணாச்சி, நேத்து பஸ் ஸ்டாப்புல நின்னா உங்க சத்தந்தான். கூட நின்னவங்ககிட்ட, எங்க பக்கத்து வீட்டு அண்ணாச்சியாக்கும்னு சொன்னேன்” என்பாள்.

நாலைந்து மாதம் கழித்து ஒரு காலை. பேசிக்கொண்டிருக்கும்போதே ஹெட்போனில் இரைச்சல் திரும்ப வந்தது. முனகல் இல்லை, காதை அடைக்கும் உறுமல். எனக்கு எரிச்சல்தான் வந்தது. மைக் பின்னைப் பிடுங்கிச் செருகினேன். சாஃப்ட்வேரில் இரைச்சலைக் குறைத்துப் பார்த்தேன். பத்து நிமிடம் அதோடு மல்லுக்கட்டினேன். பிளக்கைப் பிடுங்க வேண்டும் என்று தோன்றவேயில்லை.

வெளியே பிளாஸ்டிக் குடம் உருளும் சத்தம். பிறகு அலறல். வாசலுக்கு ஓடினேன். கம்பெனியில் துணி வராததால் அன்று பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு லீவு. ஈரத் தரையில் வெறுங்காலோடு குழாயைப் பிடித்தபடி விறைத்து நின்றாள். கை பிரியவில்லை. அந்த நொடியில் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. உள்ளே ஓடி பிளக்கைப் பிடுங்கினேன். அவள் விழுந்த சத்தம் கேட்டது.

அக்கம்பக்கத்தார் அவளை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். நான் போகவில்லை. வாசலில் யாரும் இல்லாத நேரம் பார்த்து ஒயரை அவிழ்த்துச் சுருட்டிக் கட்டிலுக்கடியில் போட்டேன். பிறகு சிபியூவைத் திறந்து பார்த்தேன். பவர் சப்ளைக்குள் பஞ்சுத் தூசி திரண்டு, உள்ளே கருகியிருந்தது. கரண்ட் தகரத்துக்கு இறங்கி, என் ஒயர் வழியாகக் குழாய்க்குப் போயிருக்கிறது.

தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாரிலிருந்துதான் கரண்ட் கசிந்தது என்று எல்லோரும் சொன்னார்கள். ஓனரை வாசலில் நிறுத்தித் திட்டினார்கள். அவர் தலைகுனிந்து நின்று, அந்த வாரமே மோட்டாரை மாற்றி, குழி தோண்டி எர்த்தும் போட்டார். என்னிடம் வந்து, “நல்ல வேளை, ஓடிப்போய் மெயினை ஆஃப் பண்ணுனீங்க” என்றார்கள். நான் மறுக்கவில்லை.

மனைவியிடம் மட்டும் சொன்னேன். “வெளிய சொல்லீராதீங்க” என்றாள்.

பக்கத்து வீட்டுப் பெண் பிழைத்துக்கொண்டாள். ஆனால் வலது உள்ளங்கை வெந்து, இரண்டு விரல்களில் உணர்ச்சி வரவில்லை. ஓவர்லாக்கில் துணியை நகர்த்துவது விரல்தான். மறுபடி உட்கார்ந்து பார்த்தாள், முடியவில்லை. பிசிறு வெட்டும் வேலைக்கு மாற்றினார்கள். அதற்கும் கத்தரி பிடிக்க வேண்டுமே. வீட்டோடு இருந்தாள். ஊருக்கே திரும்பிவிடுவது என்று முடிவெடுத்தார்கள்.

அவர்கள் சாமான் கட்டிய அன்று போய்ச் சொன்னேன். அவள் இடது கையால் பாத்திரங்களைச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தாள். ஒயர், குழாய், உறுமல், ஒளித்து வைத்தது, எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டு முடித்ததும் கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

“கை போனதுகூடப் பரவாயில்ல அண்ணாச்சி. என் உயிரைக் காப்பாத்துனவருன்னு உங்களுக்காக மாதா கோயில்ல மெழுகுவத்தி ஏத்திட்டு வந்தேனே. அப்பவாவது சொல்லியிருக்கலாம்லா?”

அவள் மறுபடி பாத்திரத்தை எடுத்துச் சாக்கில் போட்டாள். “போங்க. எங்க வீட்டுக்காரரு வந்தா தாங்க மாட்டாரு” என்றாள். திட்டியிருந்தால் நின்றிருப்பேன். வெளியே வந்துவிட்டேன்.

அன்றே ஓனரிடமும் சொன்னேன். கத்துவார் என்று நினைத்தேன். வண்டிச் சாவியை உருட்டிக்கொண்டே இருந்தார். “நானும் ரெண்டு மாசம் இழுத்தேனுங்க. அது என்ர தப்பு. ஆனா அத்தனை பேரு முன்னால என்னைத் திட்டும்போது நீங்களும் பக்கத்துல நின்னுட்டுத்தான இருந்தீங்க?” என்றார். பிறகு, “மாசக் கடைசிக்குள்ள ஊட்டைக் காலி பண்ணிக்கங்க” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

காலி செய்தோம். மனைவி என்னோடு பேச ஒரு மாதம் ஆனது. எதற்காகக் கோபம், செய்ததற்கா சொன்னதற்கா என்று அவள் இன்றுவரை சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.