எடை பார்க்கும் நாள்

பேத்திக்காகப் பால்மாவு டின்னைத் திறந்தேன். அந்த வாசனை என்னைக் கூலிம் தோட்டத்தில் நாங்கள் குடியிருந்த லயத்து வீட்டுக்கு இழுத்துப்போனது.

எடை குறைந்த குழந்தைகளுக்குக் கிளினிக்கில் மாதாமாதம் பால்மாவு தருவார்கள். எடை தேறினால் நிறுத்திவிடுவார்கள். அதனால் எடை பார்க்கும் நாளில் அம்மா தங்கையைப் பசியாற விடமாட்டாள்.

"பசிக்குதும்மா."

"கொஞ்சம் பொறுத்துக்க. நர்ஸ் மிஸ்ஸி எடை எழுதட்டும்."

ஒருமுறை அந்த நாளில் தங்கை அழவே, என் ரொட்டியைக் கொடுத்துவிட்டேன். தராசு முள் கோட்டைத் தாண்டியது.

"நல்லா தேறிட்டாளே! இனி பால்மாவு வேணாம்மா," என்று மிஸ்ஸி சிரித்தார்.

அம்மா நன்றி சொன்னாள். அதன்பின் தங்கைக்குப் பாலில்லாத தேநீர்தான்.

பின்னாளில் சுகாதார அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்து, மிஸ்ஸி நிரப்பிய அதே படிவத்தில் நானும் கையெழுத்திட்டேன்: 'எடை தேறியது. உதவி நிறுத்தப்படுகிறது.' நடைமுறையில் பிழையே இல்லை.

இப்போது பேத்தி பசியாறிவிட்டுத்தான் பாலுக்குக் காத்து நிற்கிறாள்.