மாமனார் என்றொரு சர்வர்

அந்த வீட்டில் அவருக்குப் பெயர் மாப்பிள்ளை. மனைவியின் பெற்றோர் வீட்டு மாடியில் குடியேறி இத்தனை வருடமாகியும் அந்தப் பட்டம் இறங்கவில்லை. வீட்டோடு மாப்பிள்ளை என்று யாராவது குத்திக் காட்டுவார்களோ என்று ஆரம்பத்தில் உள்ளூரப் பயந்துகொண்டிருந்தார். யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மாமியார் வேளாவேளைக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். மாமனார் ஜன்னலோரத்தில் இருந்த தன் மேஜையையே காலி செய்து, "உங்க வேலைக்கு வெளிச்சம் வேணும் மாப்ளே" என்று கொடுத்துவிட்டார். அதற்கு மாப்பிள்ளை செய்த கைம்மாறு இருக்கிறதே, அதைச் சொல்லத்தான் இந்தக் கதை.

அவர் பிழைப்பு கறுப்புத் திரையில், வீட்டிலிருந்தபடியே. ஒரு பிளாக்செயின் கம்பெனிக்கு வாடகை சர்வர்களைக் கட்டி மேய்ப்பது. அந்த சர்வர்கள் எங்கே இருக்கின்றன என்று அவருக்கே தெரியாது. கிளவுட் என்பார்கள், அவ்வளவுதான். ஒரு வரி கட்டளை அடித்தால் ஒரு சர்வர் முளைக்கும். இன்னொரு வரி அடித்தால் இருந்த இடம் தெரியாமல் போகும். மவுஸ் பிடிப்பவர்களை அவர் மனிதராகவே மதிப்பதில்லை.

பிளாக்செயின் என்றால் பெரிய மந்திரமில்லை. நடந்ததையெல்லாம் எழுதும் ஒரே பதிவின் நகலைப் பல சர்வர்கள் ஆளுக்கொன்றாக வைத்துக்கொள்ளும். ஒருமுறை எழுதினால் எழுதியதுதான், அழிக்க முடியாது. கம்பெனியின் சோதனைக்கூடத்திலும் அப்படி ஐந்தாறு சர்வர்கள் ஓடின. முதலில் அவற்றுக்கு எண்தான் வைத்திருந்தார்கள். ஒருநாள் எண் மாறி, அழிக்கக்கூடாததை அழித்துவிட்டார்கள். அன்றைக்குத்தான் மாப்பிள்ளைக்கு அந்த அபார யோசனை உதித்தது.

"நம்பரை மாத்தி அடிச்சிடலாம். மாமியாரை மாத்தி அடிக்க முடியுமா? சொந்தக்காரங்க பேரா வச்சிடலாம்."

குழுவே கைதட்டியது. ஆதி முதல் எதையும் விடாமல் வைத்திருக்கும் பெரிய சர்வருக்கு 'மாமியார்'. இடம் போதாமல் தன் நகலில் மட்டும் பழசையெல்லாம் தூக்கியெறிந்துவிட்டு அன்றைய கதையை மட்டும் வைத்திருக்கும் சின்ன சர்வருக்கு 'மாமனார்'. அந்த நாட்களில் நிஜ மாமனார் குளித்துவிட்டு வந்து, மறுபடி துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்க்கொண்டிருந்தார். வீட்டில் எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சேர்ந்து சிரித்தார்.

பிறகு டாக்டர் அந்த மறதிக்கு ஒரு வியாதிப் பெயர் சொன்னார். வீட்டில் சிரிப்பு நின்றது. ஆபீஸில் நிற்கவில்லை, ஏனென்றால் மாப்பிள்ளை அங்கே யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். ஒரு நல்ல நகைச்சுவையைக் கெடுக்க மனம் வரவில்லை, அவ்வளவுதான் காரணம். இதைவிடக் கேவலமான காரணம் எனக்குத் தெரியவில்லை.

மாமனார் அச்சகத்தில் பிழை திருத்தியவர். பெற்ற மகளின் வயது மறந்துபோனாலும் எழுத்து மறக்கவில்லை. மாப்பிள்ளை வேலை செய்யும்போது பின்னால் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து, திரையில் ஓடுவதையெல்லாம் எழுத்துக்கூட்டிப் படிப்பார். அப்படித்தான் ஒருநாள் ஆங்கில எழுத்தில் கிடந்த அந்தப் பெயரில் விரலை வைத்தார்.

"மமனர்னு இருக்கு மாப்ளே. துணைக்கால் ரெண்டும் விட்டுப்போச்சு. இது மாமனார்தானே?"

"ஆமா மாமா."

"யாரு, நானா?"

"சும்மா ஒரு அடையாளத்துக்கு மாமா. உங்க பேரும் இருக்கட்டுமேன்னு."

பெரியவருக்கு முகமெல்லாம் மலர்ந்தது. "உங்க ஆபீஸ்ல என் பேரு ஓடுதா," என்று எழுந்துபோய் மனைவியிடம் சொல்லிவிட்டு வந்தார். மாமியார் மாப்பிள்ளையை ஒரு பார்வை பார்த்தார். மாப்பிள்ளை குனிந்து எதையோ அடித்தார். அன்றைக்கே மாற்றியிருந்தால் பாதி மானமாவது மிஞ்சியிருக்கும்.

அந்த வாரமே வினை வந்தது. 'மாமனார்' அடிக்கடி திணறி நின்றுவிடும் சர்வர். அழித்துவிட்டு அதே பெயரில் புதிதாக எழுப்பினால்தான் ஓடும். அன்று காதில் மாட்டும் கருவி பழுது. குழுத்தலைவியின் குரல் ஸ்பீக்கரில் அறை முழுக்கக் கேட்டது.

"மாமனார் பழையபடி எல்லாத்தையும் மறந்துட்டு முழிக்கிறாரு. தூக்கிக் கடாசிட்டு வேற ஒருத்தரைக் கொண்டு வாங்க."

நாலைந்து பேர் சிரிக்கும் சத்தம். மாப்பிள்ளையும் பழக்கதோஷத்தில் சிரித்துவிட்டார். விரல் அதற்குள் கட்டளையை அடித்திருந்தது. கைதவறி எதையும் அழித்துவிடாதபடி, அழிக்கவேண்டியதன் பெயரை முழுதாக அடிக்கச் சொல்லும் அந்தத் திரை. அவர் ஒவ்வொரு எழுத்தாக அடித்தார். பின்னாலிருந்து நாற்காலி நகரும் ஓசை கேட்டது. பெரியவர் கம்ப்யூட்டர் பக்கமாகக் குனிந்து, மேலதிகாரியிடம் பேசும் பணிவோடு சொன்னார்.

"நான் எதையும் மறக்கலையேம்மா."

சிரிப்பு சட்டென்று நின்றது. "யாரு பேசறது?" என்றார் தலைவி.

"நெட்வொர்க் சரியில்லை," என்று மாப்பிள்ளை இணைப்பைத் துண்டித்தார்.

வாசலில் மடித்த துணிகளோடு மாமியார் நின்றிருந்தார். எப்போது வந்தார், எவ்வளவு கேட்டார் என்று தெரியவில்லை. துணிகளைக் கட்டிலில் வைத்தார். கணவரைக் கைபிடித்து எழுப்பினார்.

"சாயங்காலத்துக்குள்ள அவர் மறந்துடுவாரு மாப்பிள்ளை. நான் மறக்க மாட்டேன்."

சாயங்காலம் பெரியவர் ஒன்றும் நடக்காததுபோல மழை வருமா என்று விசாரித்தார். மாப்பிள்ளைக்கு அப்பாடா என்றிருந்தது. ஒரு மனிதனின் வியாதி தனக்கு வசதியாக இருக்கிறதே என்று அடுத்த கணம் உறைத்தபோது கூனிக் குறுகிப்போனார். மனைவியின் முகத்தைப் பார்த்துச் சாப்பிட முடியவில்லை.

மறுநாள் குழுக்கூட்டத்தில் எல்லாவற்றையும் சொன்னார். பெயரை மட்டும் மாற்றிவிடவும் முடியாது. சோதனைக்கூடத்துப் பதிவின் முதல் பக்கத்திலேயே அந்தப் பெயர்கள் ஏறியிருந்தன. மொத்தத்தையும் இடித்துவிட்டு முதலிலிருந்து கட்டவேண்டும், அதுவரை செய்த சோதனையெல்லாம் வீண். தலைவி மெதுவாக, "இடிச்சிடுங்க, பரவாயில்லை," என்றார். மாப்பிள்ளை ஒவ்வொரு சொந்தக்காரராக அழித்தார். புதியவற்றுக்குச் சிவப்பு, பச்சை, நீலம் என்று நிறங்களின் பெயர்களை வைத்தார். எல்லாம் பச்சை விளக்கோடு ஓடத் தொடங்கியதும் நிம்மதியாக மூச்சு விட்டார். ஒரு தப்பைத் துடைத்துவிட்டோம் என்றே நினைத்தார்.

அப்போது மாமனார் வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, வாரிய தலை. அச்சகத்துக்குப் போன காலத்தில் உடுத்தியதுபோல உடுத்தியிருந்தார். நாற்காலியில் உட்கார்ந்து திரையை மேலிருந்து கீழாகப் படித்தார். விரலை வைத்து மறுபடியும் ஒருமுறை படித்தார்.

"என் பேரு இல்லையே மாப்ளே."

மாப்பிள்ளைக்குத் தூக்கிவாரிப்போட்டது. குளித்ததை மறந்தவர், மகளின் வயதை மறந்தவர், இதை மட்டும் மறக்கவில்லை.

"எடுத்துட்டாங்களா?"

"தப்பு உங்க மேல இல்ல மாமா. என் மேலதான். நான்தான்..."

பெரியவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். மாமியார் கேட்டுவிடக்கூடாதென்று வாசலை ஒருமுறை பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"நீங்க அந்தம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்க மாப்ளே. திரும்ப எடுத்துக்குவாங்க. இனிமே எதையும் மறக்காம பார்த்துக்கறேன்."