பியூஸில் சுற்றிய ஈயத்தாள்

எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் தோட்டத்து மேனேஜர் துரை ஒரு புது ஜப்பான் கார் வாங்கினார். நான் தேயிலை பாக்டரியில் மோட்டார்களைப் பார்க்கிற கரண்டுக்காரன். மோட்டார் பார்க்கிறவனுக்குக் காரும் தெரியும் என்று அவராகவே முடிவு செய்துகொண்டார். தெரியாது என்று சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. சொன்னால் வேலை போகும், வேலை போனால் தோட்டம் கொடுத்த லயத்து வீடும் போகும்.

அந்தக் காரில் விளக்குப் போட்டால் பியூஸ் போனது. முன் விளக்குக்கும் பின் விளக்குக்கும் ஒரே பியூஸ். முன்னால் இருந்த வயர்களை எல்லாம் தடவிப் பார்த்தேன். பின்னால் டிக்கியைத் திறந்து பல்புகளைக் கழற்றிப் பார்த்தேன். பியூஸ் மாற்றி விளக்குப் போட்டால் நன்றாக எரிந்தது. டிக்கியை மூடிக் காரைக் கொடுத்தேன். அன்றைக்கே ரோட்டில் பியூஸ் போனது. மூன்று தடவை இப்படி. மூன்றாவது தடவை துரை என்னை பாக்டரி வாசலில் வைத்து, எல்லோருக்கும் முன்னால் மாடு என்றார்.

ஹட்டன் டவுனுக்குப் போய் கார் வேலை தெரிந்தவனைக் கேட்டிருக்கலாம். ரோஷம் விடவில்லை. தேயிலைப் பெட்டிக்குள் ஒட்டுகிற ஈயத்தாளில் ஒரு துண்டு கிழித்து, போன பியூஸின் மேல் சுற்றிப் பூட்டினேன். பாக்டரியில் அவசரத்துக்கு எல்லோரும் செய்கிற வேலைதான் அது. அதற்குப் பிறகு விளக்கு அணையவே இல்லை. அணையாது. பியூஸ் உருக வேண்டிய இடத்தில் இனி வயர்தான் உருகும். அது எனக்குத் தெரியும். தெரிந்தே செய்தேன்.

இரண்டு நாள் கழித்து, பகல் மூன்று மணிக்கு என் மனைவிக்கு வலி கண்டது. தலைப்பிரசவம். பிள்ளை குறுக்கே கிடக்கிறது, உடனே பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோ என்று மருத்துவச்சி சொன்னாள். தோட்டத்து லொறி உரம் ஏற்றப் போயிருந்தது. துரை அன்றைக்கு நல்ல மனிதராகி, டிரைவரோடு காரைக் கொடுத்தார்.

கார் லயத்துக்கு முன்னால் வந்து நின்றதும் எனக்கு அந்த ஈயத்தாள்தான் ஞாபகம் வந்தது. வெயில் இருந்தால் விளக்குத் தேவையில்லை என்று மனதைச் சமாளித்தேன். யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் மனைவியையும் மாமியாரையும் பின்னால் ஏற்றினேன். துணி மூட்டையையும் குறடு, டேப் இருந்த என் சாமான் பையையும் டிக்கியில் போட்டு அடித்து மூடிவிட்டு, டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

மஸ்கெலியா தாண்டியதும் மூடுபனி இறங்கியது. பத்தடிக்கு மேல் ரோடு தெரியவில்லை. ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பள்ளம். டிரைவர் விளக்கைப் போட்டார். நான் வயர் கருகுகிற வாடை வருகிறதா என்று மோந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். பின்னால் மனைவி முனகுகிற சத்தம். எனக்கு அதைவிட அந்த வாடைதான் பயமாக இருந்தது. முதலில் லேசாக, பிறகு நன்றாகவே ரப்பர் கருகுகிற வாடை.

"லைட்ட அணைங்கண்ணே," என்றேன்.

"அணைச்சிட்டு பள்ளத்துக்குள்ள விடவா? சும்மா இருப்பா."

"அணைங்க. நெருப்புப் பிடிக்கப் போவுது."

டேஷ்போர்டுக்கு அடியிலிருந்து புகை வந்தபோது அவர் மலை ஓரமாக நிறுத்தினார். பானட்டைத் திறந்து பேட்டரி வயரைப் பிடுங்கினேன். ஈயத்தாள் சுற்றிய பியூஸைக் கழற்றும்போது விரல் சுட்டது. டிரைவர் அதை வாங்கிப் பார்த்தார்.

"எவன் செஞ்ச வேல இது?"

"நான்தாண்ணே."

"பொண்டாட்டிய கொளுத்தவா கூட்டிக்கிட்டு வந்த?"

அவர் கேட்டதில் தப்பே இல்லை. மாமியார் மாரியாத்தாளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். மனைவி சத்தத்தை நிறுத்திவிட்டாள்.

இந்தப் பழுதைத் தேட, இரண்டு வயர் பூட்டிய ஒரு கார் ஹெட்லைட் பல்பை என் சட்டைப் பையில் வைத்திருந்தேன். அதைப் பியூஸ் இருந்த இடத்தில் மாட்டி, பேட்டரி வயரைத் திரும்பப் பூட்டி, விளக்குச் சுவிட்சைப் போட்டேன். பல்பு பளிச்சென்று எரிந்தது. பழுது இல்லையென்றால் அது மங்கலாகத்தான் எரியும்; பளிச்சென்று எரிந்தால் எங்கோ ஒரு வயர் காரின் தகரத்தைத் தொடுகிறது என்று அர்த்தம். எங்கே? முன் வயர்களை ஒவ்வொன்றாக ஆட்டினேன். ஒன்றும் மாறவில்லை. குறடு கேட்டேன். அதை எடுக்க டிரைவர் பின்னால் போய் டிக்கியைத் திறந்தார். பல்பு மங்கியது.

"மூடுங்கண்ணே," என்றேன். மூடினார், பளிச்சென்றது. திறக்கச் சொன்னேன், மங்கியது.

டிக்கி மூடியின் கீலுக்குப் பக்கத்தில் போகிற வயர் தோலுரிந்து கிடந்தது. மூடும்போதெல்லாம் கீல் அதைக் கடித்திருக்கிறது. நான் மூன்று தடவையும் டிக்கியைத் திறந்து வைத்துக்கொண்டு அங்கே பழுதைத் தேடியிருக்கிறேன். துரை சொன்ன மாடு நான்தான்.

பின் விளக்குக்குப் போகிற வயரை வெட்டினேன். டேஷ்போர்டுக்கு அடியில் உருகிய இடங்களைப் பிரித்து டேப் சுற்றினேன். ரேடியோவின் பியூஸைக் கழற்றி விளக்குப் பியூஸ் இருந்த இடத்தில் போட்டேன். முன் விளக்கு எரிந்தது, பியூஸ் போகவில்லை. கால் மணி நேரம் ஆகியிருக்கும். பின்னால் விளக்கே இல்லாமல் அந்தப் பனியில் போனோம். எந்த பஸ் வந்து இடிக்குமோ என்று வழி நெடுகத் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். பார்த்த ஒவ்வொரு தடவையும் மனைவியின் கண் என் மேல்தான் இருந்தது.

ஆஸ்பத்திரியில் வயிற்றைக் கிழித்துப் பிள்ளையை எடுத்தார்கள். பெண் பிள்ளை. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் இரண்டு பேரும் இல்லை என்று நர்ஸ் சொன்னார்.

மூன்றாம் நாள்தான் மனைவி என்னிடம் பேசினாள்.

"ஏறும்போதே ஒங்களுக்குத் தெரியுமாங்க?"

"தெரியும். வேற வண்டி இல்ல."

"அத எங்கிட்ட சொல்லியிருந்தா தெரிஞ்சே நானா ஏறியிருப்பேன்."

வேலை போய்விடும் என்று பயந்தேன் என்று சொன்னேன். பிள்ளையைத் தூக்கக் கையை நீட்டினேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுத்தான் கொடுத்தாள்.