பானெட்டுக்குள் கட்டிய போன்

பேத்துப்பாறையிலிருந்து பழனி சந்தைக்குக் கேரட்டும் பீன்ஸும் பூண்டும் இறக்குவதுதான் என் பிழைப்பு. அதற்கு முன் மிஷன் பள்ளிக்கூடம் ஒன்றில் பஸ் ஓட்டினேன். ஓட்டாத நேரத்தில் அங்கேயே ஷெட்டில் ரிப்பேர் வேலை. ஓய்வு பெற்றதும் வாங்கியது இந்த டீசல் பிக்கப். நிறம் வெள்ளை என்று ஆர்.சி. புத்தகத்தில் இருக்கிறது. மலைச் சேற்றில் ஓடும் வண்டியைப் பார்த்து யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

போன மழைக்காலத்துக்கு முன்னால் என் மனைவி மகளுக்குப் பிரசவம் பார்க்கச் சென்னைக்குப் போனாள். பிள்ளை பிறந்தது, குப்புற விழுந்தது, தவழ்ந்தது, இப்போது சுவரைப் பிடித்து நிற்கிறது. இவள் திரும்பவில்லை. மகள் வேலைக்குப் போகிறாள், பிள்ளையை யாரிடம் விடுவது? நியாயம்தான். நியாயமாக இருப்பதால் கோபப்படவும் முடியவில்லை, அதுதான் எனக்கு எரிச்சல்.

பஸ் ஏறும்போதே, "நீங்களும் வந்துருங்க" என்றாள். நான் வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கலாம். "வண்டி ஓடுற வரைக்கும் ஓட்டிக்கிறேன். என்னைக்கு நிக்குதோ அன்னைக்கு வித்துட்டு வந்துர்றேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். அன்று வண்டி குதிரை மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. அந்தத் தைரியம்.

சென்னை பிடிக்காது என்றில்லை. ஒரு தடவை போய் ஒரு வாரம் இருந்தேன். அங்கே எனக்கு ஒரு சோலியும் இல்லை. பால்கனியில் நின்றுகொண்டு, கீழே யார் யார் க்ளட்சை எப்படி எரிக்கிறார்கள் என்று பார்த்து மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். இங்கே என் வீடு இருக்கும் நாயுடுபுரத்தில் மட்டும் என்ன வாழ்கிறது என்று கேட்கலாம். பக்கத்து வீடு ஹோம்ஸ்டே ஆகிவிட்டது, எதிர்வீடும் அப்படியே. வாரா வாரம் புது முகங்கள். யாரோ ஒருவர் காலையில் என்னைப் பார்த்து, "அங்கிள், வாட்டர்ஃபால்ஸ் எந்தப் பக்கம்?" என்று கேட்பார். சில நாட்களில் நான் வாய் திறந்து பேசுவது அந்த வழி சொல்வதற்கு மட்டும்தான்.

இந்த நிலையில்தான் வண்டி படுத்தது. பழனியில் இறக்கிவிட்டு மளிகை மூட்டைகளோடு ஏறி வரும்போது இழுவை குறைந்தது. மூன்றாவது கியரில் ஏறும் ஏற்றத்துக்கு இரண்டாவது கேட்டது, பிறகு முதலாவது. கண்ணாடியில் பார்த்தால் பின்னால் நீலப் புகை. வீட்டுக்கு வந்து காற்றுக் குழாயைக் கழற்றினேன். உள்ளே எண்ணெய் வழிந்து கிடந்தது. எஞ்சினுக்குக் காற்றை அழுத்தி அனுப்பும் டர்போவின் ஷாஃப்ட்டை விரலால் பிடித்து ஆட்டினேன். ஆடக்கூடாதது ஆடியது. இறக்கை உரசி உரசி ஓரம் தேய்ந்திருந்தது.

வண்டி நின்றுவிட்டது. வாக்குப்படி நான் விற்றுவிட்டுக் கிளம்ப வேண்டும். நான் என்ன செய்தேன்? யாரிடமும் மூச்சுவிடாமல் அன்று ராத்திரியே பழைய டர்போவைக் கழற்றி எடுத்துக்கொண்டு, மறுநாள் வெள்ளனே பஸ் ஏறி, புது டர்போ வாங்கப் பழனிக்குப் போனேன்.

ஸ்பேர்ஸ் கடைக்காரர் பழைய டர்போவைத் திருப்பிப் பார்த்தார். எண்ணெய் போகும் துளையில் கரி அடைத்திருந்தது. "ஏத்தம் ஏறுனதும் சூட்டோட அமத்திருவீகளோ?" என்று கேட்டார்.

அவர் கேட்டதும் எனக்குப் புரிந்துவிட்டது. மலையேறி வரும் வழியில், பெருமாள்மலைக்குக் கீழே ஒரு வளைவில் மாதா கெபி ஒன்று இருக்கிறது, பாறைக் குகை மாதிரி கட்டி உள்ளே மாதா சுரூபம் வைத்தது. எங்கள் ஆட்கள் அங்கே நிறுத்தாமல் போகமாட்டார்கள். பலரும் எஞ்சினை ஓடவிட்டு, ஒரு சிலுவை போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். என் மனைவிக்கு அது ஆகாது. "மாதா முன்னாடி இந்தச் சத்தம் என்னத்துக்கு? அமத்துங்க" என்பாள். உடனே சாவியைத் திருப்பிவிடுவேன். அவள் இறங்கி ஒரு அருள் நிறைந்த மரியே செபம் சொல்லி முடிக்கும்வரை மலையில் ஒரு சத்தமும் இருக்காது. ஏற்றத்தில் சிவக்கச் சிவக்கச் சுற்றிய டர்போவுக்கு எஞ்சின் ஓடினால்தான் எண்ணெய் போகும். இரண்டு நிமிடமாவது ஓடவிட்டுத்தான் அணைக்க வேண்டும் என்று ஷெட்டில் வேலை பார்த்த எனக்குத் தெரியாதா? தெரியும். மாதா பார்த்துக்கொள்வாள் என்று நினைத்தேன். மனைவி சென்னை போன பிறகும் அந்த வளைவில் நிறுத்தி, அணைத்துவிட்டு, காலியாக இருக்கும் பக்கத்து சீட்டோடு உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் வருவேன். அந்த அமைதியை விட மனமில்லை.

"அமத்துறதுதான்" என்று கடைக்காரரிடம் ஒப்புக்கொண்டு, டர்போவை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன்.

மாட்டுவதற்கு எனக்கு ஆள் தேவையில்லை. கழற்றும்போதே துரு ஏறிய நட்டுகளுக்கு டீசல் விட்டு ஊறவைத்திருந்தேன். ஒரு ஸ்டட் ஒடிந்து உயிரை வாங்கியது. எண்ணெய்க் குழாயைக் கழற்றிக் கரியெல்லாம் போகக் கழுவினேன். புது வாஷர் போட்டு, டர்போவின் துளையில் எண்ணெய் ஊற்றி, கையால் சுற்றிவிட்டு, பொறுமையாக மாட்டினேன். முடுக்கியதும் எஞ்சின் அமைதியாக ஓடியது. புகை இல்லை. சந்தோஷத்தில் தனியாக நின்று கை தட்டினேன், பக்கத்து வீட்டு விருந்தாளிகள் எட்டிப் பார்த்தார்கள்.

ஏற்றத்தில் விட்டால், இழுக்கவில்லை. பழையதைவிடக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். எங்கோ காற்று கசிகிறது. டர்போ அழுத்தி அனுப்பும் காற்று எஞ்சினுக்குள் போகாமல் வழியில் எங்கோ சீறிக்கொண்டு வெளியே போகிறது. எங்கே என்று கண்டுபிடிக்க ஒருவர் ஆக்சிலேட்டரை மிதிக்க வேண்டும், ஒருவர் பானெட்டுக்குள் காது கொடுக்க வேண்டும். தனியாளாகச் செய்ய முடியாத வேலை அது ஒன்றுதான்.

அதிலும் எங்கள் வீட்டு வழக்கம் தலைகீழ். நான்தான் மிதிப்பேன், அவள்தான் கேட்பாள். வருஷக்கணக்காக எஞ்சின் பக்கத்தில் இருந்து எனக்கு மெல்லிய சத்தங்கள் காதில் விழாது. அவளோ கோயில் பாடகர் குழுவில் இருந்தவள். பின்வரிசையில் யார் சுருதி விலகினாலும் திரும்பிப் பார்ப்பாள். பானெட்டுக்குள் தலையைச் சாய்த்து, "இந்தா, இங்கதான் பேசுது" என்று விரலை நீட்டினால் தப்பாது.

ஆக்சிலேட்டரில் ஒரு கட்டையை முட்டுக்கொடுத்துவிட்டு நானே போய்க் கேட்டுப் பார்த்தேன். எஞ்சின் இரைச்சலைத் தவிர ஒன்றும் இல்லை. சோப்புத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன், நுரை வந்தது, எல்லா இடத்திலும் வந்தது. நிற்கும் வண்டியில் அந்தக் கசிவு முழுசாகத் திறக்காது, ஏற்றத்தில்தான் திறக்கும். ஹோம்ஸ்டேக்கு வந்திருந்த ஒருவரிடம் கேட்டேன். பாவம், நல்ல மனுஷன், குனிந்து கேட்டுவிட்டு, "சூப்பரா இருக்கு அங்கிள்" என்றார். வண்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டேன். இந்த ஊரில் எனக்கு ஒரு காது இல்லையே என்று அழுகை வந்தது.

அன்று சாயங்காலம் போனில் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். டர்போ போனதை, புதுசு வாங்கியதை, இழுக்காததை. "வண்டி நின்னா வந்துருவேன்னீங்க" என்று சொல்வாள் என்று எதிர்பார்த்தேன்.

"போனை உள்ள கட்டுங்க, நான் கேக்குறேன்" என்றாள்.

துண்டில் போனைச் சுற்றி, சூடு படாத இடமாகப் பேட்டரி பக்கம் கட்டினேன். பானெட்டை மூடிவிட்டு மேட்டுத் தெருவில் ஏற்றினேன். இறங்கி வந்து போனை எடுத்தால், "எஞ்சின்தான் கேக்குது, வேற இல்ல" என்றாள். அடுத்த முறை இன்னொரு பக்கம், டர்போவின் சூடான காற்றை ஆறவைக்கும் இன்டர்கூலருக்குப் பக்கத்தில் கட்டினேன். மறுபடி ஏற்றினேன். அங்கே சென்னையில் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு இவள் போனைக் காதில் அழுத்தி நின்றிருக்கிறாள்.

"ஏங்க, இப்ப காதுகிட்டயே சீறுது. மிதிக்க மிதிக்கக் கூடுது. விட்டா நின்னுபோகுது. அந்தப் பக்கந்தான், நல்லாப் பாருங்க."

பார்த்தேன். டர்போவிலிருந்து இன்டர்கூலருக்குப் போகும் தடித்த ரப்பர் குழாய், கண்ணுக்குத் தெரியாத அடிப்பக்கத்தில் பிளந்திருந்தது. கையால் வளைத்தால்தான் வாய் திறந்தது. மறுநாள் புதுக் குழாய் வாங்கி மாட்டி, மறுபடி போனைக் கட்டி, மறுபடி ஏற்றினேன். வண்டி மூன்றாவது கியரில் மேட்டை ஏறியது. முதுகு சீட்டில் அழுந்தியபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. இருந்தாலும் இறங்கிப்போய்க் கேட்டேன்.

"சீறல் இல்லங்க" என்றாள். "சுத்தமா இருக்கு." பிறகு, "அப்ப ஓடும்" என்றாள்.

"ஓடும்."

"சரி, போயிச் சாப்புடுங்க."

முதல் நாளே, சீறல் எதுவும் காதில் விழவில்லை என்று அவள் சொல்லியிருக்கலாம். நான் நம்பியிருப்பேன். அலுத்துப்போய் வண்டியை வந்த விலைக்குத் தள்ளிவிட்டுப் பஸ் ஏறியிருப்பேன். அவள் அப்படிச் சொல்லவில்லை. அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த லோடு இறக்கிவிட்டுத் திரும்பும்போது கெபி வளைவில் நிறுத்தினேன். அணைக்கவில்லை. எஞ்சினை ஓடவிட்டு அவளுக்குப் போன் போட்டேன். எடுத்ததும், "கெபியிலயா இருக்கீங்க? அமத்தலையா? என்ன சத்தம் இது?" என்றாள்.

இனி மறைத்து என்ன ஆகப்போகிறது என்று சொல்லிவிட்டேன். சூட்டோடு அணைத்து அணைத்துத்தான் டர்போ போனது, அதனால் கொஞ்ச நேரம் ஓடவிட வேண்டும் என்றேன்.

"அப்ப நான் அமத்தச் சொன்னதாலயா போச்சு?"

"மாதாவால போச்சுன்னு வச்சுக்க."

"முன்னமே தெரிஞ்சிருந்தா இன்னும் வெரசா அமத்தச் சொல்லியிருப்பேன்" என்றாள்.

சிரித்தாள். நானும் சிரித்தேன். பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி ஏறி வந்து கெபியை மறைத்தது. அவள் மெதுவாக, "எப்ப வருவீங்க?" என்றாள்.

"என்ன? எஞ்சின் சத்தத்துல கேக்கல" என்றேன். கேட்டது. எனக்கு மெல்லிய சத்தங்கள்தான் விழாது, அவள் குரல் விழாமல் இருந்ததில்லை.

அவள் காத்திருந்தாள். டர்போ ஆறும் நேரம் ஆகிவிட்டது. இனியும் ஓடவிட்டால் டீசல்தான் வீண். சாவியைத் திருப்பினேன்.

"இப்பக் கேக்குதா?" என்றாள்.

"கேக்குது" என்றேன்.