மாறிப்போன அடையாளச் சொல்

எங்கள் கேப்டன் டிகோரி ட்ரெகாரோ சண்டைக்கென்று பிறந்தவர் அல்ல. இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. நாலு வருஷம் அவர் குதிரைக்குத் தண்ணீர் காட்டி, ஊறிப்போன பூட்ஸை அவர் காலிலிருந்து பிடுங்கி, அவருக்குப் பல்வலி வந்தபோதெல்லாம் திட்டு வாங்கியவன் இந்த பாஸ்கோ. கார்ன்வாலின் இந்தக் கடலோரத்தில் அவருக்கு ஒரு கல்வீடு, கொஞ்சம் நிலம், நிறைய ஆடு. நாற்பத்தொரு வயது வரைக்கும் அவர் போட்ட பெரிய சண்டை, பக்கத்து நிலத்துக்காரரோடு வேலி விஷயமாகப் போட்டதுதான்.

அப்புறம் இங்கிலாந்து ராஜாவுக்கும் பாராளுமன்றத்துக்கும் முட்டிக்கொண்டது. ராஜாவிடமிருந்து கடிதம் வந்த ஞாயிற்றுக்கிழமை, கேப்டன் ஐயா கோயில் வாசலில் நின்று, "நான் போறேன். வர்றவங்க வாங்க" என்றார். பிரசங்கம் அவ்வளவுதான். மீனவர்களும் சுரங்கத்து ஆட்களுமாக அறுபது பேர் கிளம்பினோம். அந்த ராஜாவை நாலு வருஷத்தில் ஒரே ஒரு தடவைதான் பார்த்தோம். அதுவும் முதுகை.

நடந்தோம், நடந்தோம், அப்படி நடந்தோம். பார்லி ரொட்டியில் பூசணம் பூத்தது. அதைச் சுரண்டிவிட்டுத் தின்றோம். இரண்டாவது வருஷம் ஒருநாள் பொறுக்க முடியாமல், "எதுக்கு ஐயா இந்தப் பிழைப்பு?" என்று கேட்டே விட்டேன்.

"சத்தியம் பண்ணிட்டேன்டா" என்றார். "முதல்ல நம்பிக்கையும் இருந்துச்சு. இப்ப சத்தியம் மட்டும்தான் இருக்கு."

அந்த வருஷம்தான் அது நடந்தது. எங்களுக்கும் எதிரிக்கும் ஒரே மாதிரி கோட்டு, ஒரே மாதிரி தொப்பி. நம் ஆள் யாரென்று தெரிவதற்காகச் சண்டைக்கு முன்னால் ஓர் அடையாளச் சொல் கொடுப்பார்கள். எதிரே வருகிறவன் அதைச் சொன்னால் விட வேண்டும், இல்லையென்றால் சுட வேண்டும். அன்றைக்கு எங்கள் சொல் 'கடவுள் நம்மோடு'. கூத்தைப் பாருங்கள், எதிரிக்கும் அதே சொல்! கடவுளை எவன்தான் விட்டுக்கொடுப்பான்? விஷயம் தெரிந்ததும் அவசர அவசரமாக 'இயேசு துணை' என்று மாற்றி, வரிசையில் ஒருவர் காதில் ஒருவராகச் சொல்லிக்கொண்டு போனோம். பெட்ராக் மட்டும் அப்போது அங்கே இல்லை. எங்கள் ஊர் மீனவன், தாம்சின் என்கிறவளின் புருஷன். வெடிமருந்து எடுத்துவர ஐயாதான் அவனைக் குன்றுக்குக் கீழே அனுப்பியிருந்தார்.

புகைக்குள்ளிருந்து ஓர் ஆள் ஓடி வந்தான். "சொல்!" என்று ஐயா கத்தினார். "கடவுள் நம்மோடு!" என்று பதில் வந்தது. ஐயா சுட்டார். புகை விலகியபோது பெட்ராக் மருந்துப் பையைக் கட்டிப்பிடித்தபடி கிடந்தான். அந்தக் கைத்துப்பாக்கியில் குண்டு போட்டுக் கொடுத்தவன் நான். எதிரி சுட்டதாக ஊருக்குச் சொல்லி அனுப்பலாம் என்றவனும் நான்தான், அதை மறைப்பானேன்.

இன்னும் இரண்டு வருஷம் இழுத்து, கடைசியில் தோற்றோம். ஒரு பாலத்துப் பக்கத்தில் ஆயுதங்களைக் குவித்துவிட்டு, இனிமேல் எடுக்க மாட்டோம் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தோம். அறுபது பேரில் பதினோரு பேர் ஊர் திரும்பினோம். ஐயா ஆட்டுப் பட்டிப் பக்கம்கூடப் போகவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள் அவரைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். தாம்சின் ஒருத்திதான் வழியில் பார்த்தால் நின்று வணங்குவாள். வாரம் தவறாமல் மீன் கொண்டுவந்து கொடுப்பாள். அந்த மீனை ஐயா ஒருநாளும் தொட்டதில்லை. நான்தான் தின்றேன்.

தாம்சினுக்குச் சொந்தம் என்று மிஞ்சியிருந்தது தம்பி ஜாக்கா மட்டும். பிளிமத்தில் பீப்பாய் செய்துகொண்டிருந்தவன். அந்த ஊரே பாராளுமன்றம் பக்கம், அதனால் இவனும் அந்தப் பக்கம். பெட்ராக் விழுந்த அதே குன்றில் அவனும் எதிரே நின்றிருக்கிறான். சண்டை முடிந்து அவன் வந்தபோது, "என் புருஷனைக் கொன்னவனுங்களுக்கு இந்த வீட்ல அடுப்பு எரியாது" என்று அவள் கதவைச் சாத்திவிட்டாள். குளிர்காலம் முழுக்கப் படகுக் கொட்டகையில் கிடந்தான், பாவம். வசந்தம் வந்ததும் கடல் தாண்டி நியூஃபவுண்ட்லாந்து போகிற மீன்பிடிக் கப்பலில் பெயர் கொடுத்துவிட்டான். போனால் திரும்ப மாட்டேன் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான்.

கப்பல் கிளம்புகிற அன்று காலை ஐயா பூட்ஸைக் கேட்டார். தாம்சினிடம் உண்மையைச் சொல்லத்தான் என்று புரிந்துவிட்டது.

"வேண்டாம் ஐயா. செத்தவன் செத்துட்டான். இந்த ஊர்ல நம்மள மதிக்கிறது அவ ஒருத்திதான்."

"அந்த மதிப்புக்காக அவ தம்பியையும் அனுப்பிடலாங்கிறியா?"

"நீங்க சொல்லிட்டா பெட்ராக் எழுந்து வந்துடுவானா?"

"ஜாக்கா போக மாட்டான்ல. பூட்ஸைக் கொடுடா."

தாம்சின் வாசலில் மீன் அறுத்துக்கொண்டிருந்தாள். ஐயாவைக் கண்டதும் பதறி எழுந்தாள். "அய்யோ, சொல்லி அனுப்பியிருந்தா நானே வந்திருப்பேனே! உக்காருங்க ஐயா."

அவர் உட்காரவில்லை. தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். மருந்துக்கு அனுப்பியதை, சொல் மாறியதை, அவனுக்குச் சொல்ல ஆள் அனுப்ப மறந்ததை, சுட்டதை. "ஜாக்கா பக்கத்து ஆளுங்க யாரும் இல்லம்மா. நான்தான்."

அவள் அழவில்லை. கத்தியைக்கூடக் கீழே வைக்கவில்லை. "மேட்டுல நின்னு மத்தி மீன் வருதுன்னு அவரு ஒரு சத்தம் போட்டா, நடுக்கடல்ல இருக்கிற படகெல்லாம் திரும்பும்" என்றாள். "அந்தக் குரல் உங்களுக்குத் தெரியலையா, ஐயா?"

நான் முந்திக்கொண்டேன். "ஒரே புகை தாம்சின், பீரங்கிச் சத்தம் வேற, காது ரெண்டும்..."

"உங்கள கேக்கல அண்ணே."

மூன்று வருஷமாக அந்தப் புகையைச் சாக்குச் சொல்லித்தான் நானும் தூங்கியிருக்கிறேன். ஐயா என் பக்கம் திரும்பவே இல்லை.

"தெரிஞ்சுது" என்றார். "பெட்ராக்னு தெரிஞ்சுது. சொல் தப்பா இருந்துச்சு. சுட்டுட்டேன்."

தாம்சின் அவரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு கத்தியைப் போட்டுவிட்டு, வெறுங்காலோடு துறைமுகத்தைப் பார்த்து ஓடினாள். "ஜாக்கா! டேய் ஜாக்கா!" என்ற கூச்சல் கீழே போய்க்கொண்டே இருந்தது. ஐயா தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றார். வீட்டுக்குப் போகலாம் என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.