ஏழரை மணி டாக்டர்

எங்கள் துடியலூர் வீதியில் ஆட்டோ ஓட்டும் வேலுமணிக்குக் குரல் பெரிது, மனசு அதைவிடப் பெரிது. இரண்டாவதை அவர் வீட்டில் காட்டியதே இல்லை, அதுதான் கோளாறு. சவாரிக்கு வருகிறவர்களிடம் "பாத்து உக்காருங்க, காத்து ரொம்ப அடிக்குதுங்களா?" என்று தாங்குவார். வீட்டுக்குள் கால் வைத்தால் "ஏ புள்ள, சோறு" அவ்வளவுதான். பக்கத்து வீட்டில் குடியிருக்கிற எனக்கு அந்த மூன்று வார்த்தையும் மனப்பாடம்.

அந்தப் புள்ள அவர் மனைவி ராசம்மாள். மகள் கல்யாணமாகி ஈரோட்டுக்குப் போன பிறகு அவளுக்குத் துணை டிவிதான். காலை ஏழரைக்கு வெள்ளைக் கோட்டுக்காரர் ஒருவர் வந்து சர்க்கரை வியாதிக்குப் பொடி விற்பார். "சாப்பிட்டீங்களாம்மா? ராத்திரி தூக்கம் வந்துச்சுங்களா?" என்று விசாரித்துவிட்டுத்தான் பொடிக்கு வருவார். கடைசியில், டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையைத் தூக்கி எறியச் சொல்வார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ராசம்மாளோ டிவியைப் பார்த்து "ஆச்சுங்க" என்று பதில் சொல்வாள். தபாலில் பொடி டப்பா வந்தது. என்னவென்று வேலுமணி கேட்கவில்லை.

ஒரு நாள் குழாயடியில் மயங்கி விழுந்தாள். ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினோம். சர்க்கரை தாறுமாறாக ஏறியிருந்தது. இன்னொரு தடவை இப்படி வந்தால் ஆள் தேறுவது கஷ்டம் என்றார் டாக்டர். அவளுக்குக் கஞ்சி வைக்க அரிசி டிரம்முக்குள் கையை விட்ட வேலுமணிக்கு மாத்திரை அட்டைகள் அகப்பட்டன. மாதாமாதம் ஆஸ்பத்திரியில் வாங்கியவை, ஒன்றுகூடப் பிரிக்கவில்லை.

"திங்காததுக்கு எதுக்கு வாங்குன?" என்று ஆஸ்பத்திரிக் கட்டிலருகே நின்று கத்தினார்.

"அந்த நர்சம்மா ஆசையாக் குடுக்கறாங்க. வேண்டாம்னா அவங்க மனசு நோவாதுங்களா?"

பொடிக்காரர் மனசும் நோகக் கூடாது என்று பொடியைத் தின்றிருக்கிறாள். எங்கள் ஊர் மரியாதை ஆளையே கொல்லும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

அவள் வீடு திரும்பிய வாரத்தில் பிரீத்திகா என்ற கல்லூரிப் பெண் வீடு வீடாகக் கருத்துக் கேட்டு வந்தாள். டிவியில் மருந்து விளம்பரங்களைக் கட்டுப்படுத்த வேண்டுமா, வேண்டாமா? வீதியில் ஆளுக்கொரு பேச்சு. நான் அடியோடு நிறுத்தச் சொன்னேன். "பாக்கறவிகளுக்குப் புத்தி எங்க போச்சு?" என்றார் மளிகைக்கடை அழகிரிசாமி. வேலுமணி வாசலில் நின்று, "அந்தாளக் கையில புடிச்சுக் குடுங்க, மத்தத நான் பாத்துக்கறேன்" என்று வீதி அதிரக் கத்தினார். குரைக்கிற நாய் கடிக்காது என்று தெரிந்த நாங்கள் சிரித்தோம்.

பிரீத்திகா ராசம்மாளிடம் திரும்பினாள். "நீங்க என்னங்கம்மா சொல்றீங்க?"

"நிறுத்தத்தான் வேணும் கண்ணு. பொல்லாத பொடி." சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ஆனா அதையும் நிறுத்திப்போட்டா, சாப்டியான்னு என்னைய யாரு கண்ணு கேப்பாங்க?"

குத்திக்காட்டவில்லை. தக்காளி விலை கேட்பது போலத்தான் கேட்டாள். பிரீத்திகாவின் பேனா நின்றது. வேலுமணி ஆட்டோவைத் துடைக்கப் போனார், காலையிலேயே துடைத்த ஆட்டோவை.

மறுநாள் ஏழரைக்குக் கோட்டுக்காரர் வழக்கம்போல ஆரம்பித்தார். வேலுமணி சவாரிக்குப் போகவில்லை. ஒரு கையில் தண்ணீர்ச் செம்பு, மறு கையில் மாத்திரையோடு டிவியை மறைத்து நின்றார். நான் வெட்கமில்லாமல் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெரிய குரல் எங்கே போனதோ, முனகலாகத்தான் வந்தது.

"சாப்டாச்சுங்களா, அம்மணி?"

ராசம்மாள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். எட்டி ரிமோட்டை எடுத்து டிவியை அணைத்தாள்.

"இன்னொருக்காக் கேளுங்க," என்றாள். "அந்தாளு சத்தத்துல சரியாக் கேக்கல."